தெய்வம் நேரில் வரும் கோவிலில் திரி மாற்றத் தெரியாத சீடன்: மிகைபுனைவு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கற்பனை உலகங்களைப் படைக்கும் எழுத்தாளர்களுக்கும் விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் உலகங்களில் கோவில்களுக்குக் குறைவில்லை. மலை உச்சியில் ஒன்று, எரிமலை வாயருகே ஒன்று, கடலுக்கடியில்கூட ஒன்று உண்டு. அங்கே பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை வந்து சேர்கிறது. வெள்ளை உடை தருகிறார்கள். இரண்டு பத்திக்கு முற்றம் பெருக்குகிறது. தாடி வைத்த ஒருவர் "மனத்தை அடக்கு" என்கிறார். அடுத்த அத்தியாயத்தில் அதன் உள்ளங்கையில் தீ எரிகிறது.

நடுவில் என்ன நடந்தது?

இந்த மடலை எழுதும் நாங்கள் சடங்கு நூல்களையும் கல்வெட்டுகளையும் மடங்களின் ஒழுங்கு விதிகளையும் படித்துப் பழகியவர்கள். உங்கள் கதைகளையும் விடாமல் படிப்பவர்கள். எங்கள் மனக்குறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நம் உலகத்தில் கோவில் விளக்கு அணைந்தால் வானம் இடிந்து விழாது. இருந்தும் விளக்கைக் காக்க மனிதர்கள் எத்தனையோ விதிகள் எழுதினார்கள், தவறியவர்களைச் சவுக்கால் அடித்தார்கள். உங்கள் உலகத்திலோ விளக்கு அணைந்தால் கட்டுண்ட அரக்கன் எழுந்துவிடுவான் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது யார், இரவில் அவருக்கு முறை மாற்ற வருவது யார் என்று முந்நூறு பக்கத்திலும் தெரியவில்லை. தெய்வம் பதில் சொல்லும் உலகத்தில் சடங்கு என்பது ஆபத்தான தொழில். அதற்கான பயிற்சி நம் பயிற்சியைவிடக் கறாராக இருக்க வேண்டாமா? தளர்வாக இருக்கிறதே.

சேர்க்கையிலிருந்து தொடங்கலாம். உங்கள் கோவில்கள் வருகிறவரை எல்லாம் ஆனந்தக் கண்ணீரோடு வரவேற்கின்றன. ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, கிறித்துவத் துறவி பெனடிக்டின் மடவிதி, புதிதாக வருபவருக்கு எளிதில் கதவு திறக்காதே என்கிறது. நான்கைந்து நாள் தட்டிக்கொண்டே நிற்கட்டும், பிறகு சில நாள் விருந்தினர் அறையில் இருக்கட்டும், அதன் பிறகுதான் பயிற்சிக்கூடம். அங்கே இரண்டு மாதம் கழித்து மடவிதி முழுவதையும் வாசித்துக் காட்டி "இதன்படி வாழ முடியுமா, முடியாவிட்டால் போகலாம்" என்பார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும், அதற்கு நான்கு மாதம் கழித்து மூன்றாம் முறையும் வாசிப்பார்கள். ஆக ஓராண்டு. அவர் வந்தபோது உடுத்தியிருந்த துணியை எறிந்துவிடுவதில்லை, உடைக்கிடங்கில் எடுத்து வைக்கிறார்கள். என்றைக்காவது வெளியேறினால் மடத்தின் உடையைக் களைந்துகொண்டு அந்தப் பழைய துணியோடுதான் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஒரு கிடங்கு, அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணிமூட்டை. இப்படி ஓர் அறையை உங்கள் கோவிலில் வைத்துப் பாருங்கள், எத்தனை காட்சிகளுக்கு இடம் கிடைக்கிறது என்று தெரியும்.

வயதையும் ஒரு காரணத்தோடு வையுங்கள். உரோமாபுரியில் அடுப்பு நெருப்பின் தெய்வமான வெஸ்டாவின் கோவில் நெருப்பைக் காக்கும் கன்னியரை ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தேர்ந்தெடுத்தார்கள். முப்பது ஆண்டுப் பணி: பத்தாண்டு கற்பது, பத்தாண்டு செய்வது, பத்தாண்டு கற்பிப்பது. இந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கற்பித்தலுக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் கோவில்களில் நூறு சீடருக்கு ஒரே ஒரு கிழவர். பௌத்தத் துறவிகளின் ஒழுங்கு நூலான விநயத்தில் சாமணேரராக, அதாவது பயிற்சித் துறவியாகப் பதினைந்து வயது ஆகியிருக்க வேண்டும், ஆனால் காக்கை ஓட்டத் தெரிந்த பிள்ளை என்றால் அதற்கு முன்பும் சேர்க்கலாம் என்று ஒரு விலக்கு உண்டு. எத்தனை வயது என்பதைவிட என்ன வேலை செய்ய முடியும் என்பதை வைத்து அளக்கும் அளவுகோல் இது. உங்கள் உலகத்தில் காக்கைக்குப் பதில் எதை ஓட்ட வேண்டியிருக்கும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

சேர்ந்தவுடன் மந்திரம் கிடையாது. முதலில் கைக்குப் பழக்கம். விநயத்தின் மகாவக்கம் என்ற பகுதியில் மாணவன் ஆசானுக்குச் செய்ய வேண்டியவை வரிசையாக வருகின்றன. ஆசானின் மேலாடையை மடிக்கும்போது இரண்டு ஓரங்களும் நேருக்கு நேர் சேரக்கூடாது, நான்கு விரற்கடை தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தினமும் ஒரே இடத்தில் மடிப்பு விழுந்து துணி நடுவில் நைந்துவிடும். ஈர உடையை வெயிலில் சிறிது நேரம் காயவைக்கலாம், அப்படியே விட்டுவிடக்கூடாது. பிச்சைப் பாத்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் வைக்குமுன் ஒரு கையால் அங்கே தடவிப் பார்க்க வேண்டும். வெறுந்தரையில் வைக்கக்கூடாது. அறையைக் கூட்டுமுன் பாத்திரத்தையும் உடைகளையும் முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும், கட்டிலைத் தாழ்த்திப் பிடித்துக் கதவில் உரசாமல் கொண்டுவர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கிழிந்த துணியோ உடைந்த பாத்திரமோ இருந்திருக்கும். அதே பட்டியலில் இன்னொன்று: ஆசான் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது, ஆனால் அவர் பேச்சு குற்றத்தை நெருங்கினால் மாணவன் தடுக்க வேண்டும். கீழ்ப்படிதலை மட்டுமே போதிக்கும் உங்கள் முதியவர்களுக்கு இந்த ஒரு வரியை அன்பளிப்பாகத் தருகிறோம்.

தூக்குவதும் தனிப் பாடம். வெஸ்டா கோவிலில் தண்ணீர் கொண்டுவர ஒரு பாத்திரம் இருந்ததாக உரையாசிரியர்கள் குறிக்கிறார்கள். வாய் அகலம், அடி குறுகல். தரையில் வைத்தால் சாய்ந்து கொட்டிவிடும். சடங்குக்கான நீர் தரையில் படக்கூடாது என்ற விதியைக் காவலர் போட்டுக் காக்காமல் பாத்திரத்தின் வடிவத்திலேயே வைத்துவிட்டார்கள். எபிரேயர்களின் வேதநூலான எண்ணாகமத்தில் இன்னொரு ஏற்பாடு. பயணத்தில் கொண்டுபோகும் வழிபாட்டுக் கூடாரத்தைப் பெயர்க்கும்போது குருமார் முதலில் உள்ளே போய்த் திரையை இறக்கிப் புனிதப் பேழையை மூடுவார்கள், மேலே தோல், அதற்கு மேலே நீலத்துணி, பிறகு தண்டுகளைப் பாய்ச்சுவார்கள். அதன் பிறகுதான் சுமக்கிற கோகாத் வம்சத்தார் வரலாம். சுமக்கிறவர்கள் தொட்டாலும் சாவு, மூடாமல் பார்த்தாலும் சாவு. பொதிபவர் வேறு, சுமப்பவர் வேறு. உங்கள் சாபமிட்ட வாளையும் பேசும் மண்டையோட்டையும் சீடர்கள் வெறுங்கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, பார்க்கவே பதறுகிறது.

இனி நெருப்பு. இங்கே கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும், உங்கள் பிழைகளில் பாதி இங்கேதான்.

அணையா விளக்கு என்று எழுதிவிட்டால் போதாது, எது அணையக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டும். ஒரே சுடரா, ஒரே நெருப்பின் வழித்தோன்றலா? வெஸ்டாவின் நெருப்பை ஆண்டுதோறும் மார்ச் 1 அன்று அவர்களே புதிதாக மூட்டினார்கள். முறைப்படி புதுப்பித்தால் குற்றமில்லை, கவனக்குறைவால் அணைந்தால் குற்றம். கி.மு. 206இல் அப்படி அணைந்தபோது அன்றிரவு காவலிருந்த கன்னிக்குச் சவுக்கடி விழுந்தது. சரத்துஸ்திர சமயத்தாரான பார்சிகளின் உயர்நிலை நெருப்பான ஆதஷ் பெஹ்ராமோ பதினாறு இடத்து நெருப்புகளைத் தூய்மைப்படுத்திச் சேர்த்து நிறுவப்படுவது, மின்னல் பற்றிய நெருப்பும் பிணம் எரித்த நெருப்பும் அதில் அடக்கம். குஜராத்தின் உத்வாடாவில் இருக்கும் அப்படிப்பட்ட நெருப்பான இரான்ஷா 1742 முதல் அந்த ஊரில் எரிகிறது. நாளுக்கு ஐந்து வேளை விறகிட்டு வழிபாடு. மூச்சும் எச்சிலும் படாமலிருக்கக் குரு வாயையும் மூக்கையும் வெள்ளைத் துணியால் மூடிக்கொள்வார். இப்படிப்பட்ட நெருப்பு அணைந்தால் மறுபடி ஒரு கொள்ளிக்கட்டையால் பற்றவைத்துவிட முடியாது. பதினாறையும் தேடிப் போக வேண்டும். ஒரு நாவலுக்கான கதை இதிலேயே இருக்கிறது.

அன்றாட வேலையை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் விளக்கில் திரி மாற்றும் வரிசையைச் சீடனுக்குச் சொல்லிக்கொடுங்கள். முதலில் எண்ணெய் ஊற்ற வேண்டும், பிறகுதான் திரியைத் தொட வேண்டும். புதுத்திரியை எண்ணெயில் முழுக்க ஊறவைத்து, எரியும் திரிக்குப் பக்கத்தில் கிடத்த வேண்டும். அது பற்றி நிலையாக எரிந்த பிறகே பழையதை இடுக்கியால் இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் பழையது புதியதையும் சேர்த்து எண்ணெய்க்குள் தள்ளிவிடும். திரி வெளியே நீண்டால் புகையும் கரியும், உள்ளே குறைந்தால் சுடர் சுருங்கும். எண்ணெய் வற்றினால் திரியே எரியத் தொடங்கும், கருகிய நுனி அதன் பிறகு எண்ணெயைச் சரியாக உறிஞ்சாது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் சடசடவென்று வெடித்துத் தெறிக்கும். கழுவிய விளக்கை நன்றாகத் துடைத்துக் காயவைக்காத சீடனை அந்தச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

பனிமலைக் கோவிலில் நெய்விளக்கு ஏற்றுகிறீர்கள். நெய் அந்தக் குளிரில் உறைந்து கிடக்கும். சுடரைச் சுற்றி விரலகலம் உருகியிருக்கும், அதற்கப்பால் கட்டி. திரி அந்தச் சிறு குளத்தை உறிஞ்சி முடித்ததும் அகல் நிறைய நெய் இருக்கும்போதே விளக்கு அணையும். இதற்கு வழி உண்டு: மண் அகலை விட்டு உலோக அகல் வைத்து, சுடருக்கு அருகிலிருந்து நெய்க்குள் இறங்குமாறு ஒரு செம்புத் தகடு பொருத்தினால் சூடு உள்ளே போகும். இல்லாவிட்டால் ஒருவர் விடிய விடிய நெய்யை உருக்கி ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒருவர்தான் உங்கள் இளஞ்சீடர்.

எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது முதல் வாரப் பாடம். தண்ணீர் கீழே இறங்கி ஆவியாகி எண்ணெயை நெருப்போடு வாரி இறைக்கும். மூடியால் மூட வேண்டும், அல்லது மணல். எனவே விளக்கறைக்குப் பக்கத்தில் மணல் நிரம்பிய பானை ஒன்று வேண்டும், அதைப் பூனைகள் அசுத்தப்படுத்தாமல் பார்ப்பது ஒருவர் வேலை. மரச் சிலைகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசும் கோவில் என்றால் துடைத்த துணிகளைக் குவித்து வைக்கக்கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், குவியலில் சூடு வெளியேற வழியின்றித் தானே பற்றிக்கொள்ளும். யாரும் நெருப்பு வைக்காமல் பண்டகசாலை எரிந்தது என்றால் உங்கள் ஊர் மக்கள் அதைத் தெய்வக் குற்றம் என்பார்கள். மூத்த சீடர் துணிகளை விரித்துப் போடாதவன் யார் என்று கேட்பார். இருவரும் பேசிக்கொள்ளும் காட்சியைப் படிக்க எங்களுக்கு ஆசை.

காற்றோட்டமில்லாத கருவறையில் கரித்தணலில் தூபம் போடுவதும் அப்படித்தான். கரி எரிவதால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குழப்பம், மயக்கம், பிறகு மரணம். குகைக்குள் மூன்று நாள் தூபமிட்டுத் தெய்வ தரிசனம் பெற்ற உங்கள் சீடனுக்கு உண்மையில் கிடைத்தது எது? உங்கள் உலகத்தில் தரிசனம் நிஜம் என்பதால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இரண்டையும் பிரித்தறியும் வழி பயிற்சியில் இருந்தே ஆக வேண்டும். எளிய வழி ஒன்று: உள்ளே இருப்பவர் குறித்த இடைவெளியில் கயிற்றை இழுத்து மணியடிக்க வேண்டும். மணி வராவிட்டால் வெளியிலிருப்பவர் சடங்கைப் பற்றி யோசிக்காமல் கதவைத் திறந்துவிட வேண்டும்.

எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடு. தஞ்சைப் பெரிய கோவில் கணக்கில் அதற்கு ஈடாக 48 பசு அல்லது 16 எருமை. ஆடுகளைக் கோவில் மேய்ப்பதில்லை. இடையர்களிடம் ஒப்படைப்பார்கள், அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், கோவிலுக்கென்றே பெயரிட்ட அளவையால். இவை சாவா மூவாப் பேராடு. செத்தால், கிழடானால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்வது இடையர் பொறுப்பு. உங்கள் கோவிலில் ஆயிரம் விளக்கு எரிகிறது என்று எழுதும்போது மலையடிவாரத்தில் 96,000 ஆடு மேய வேண்டும் என்று நினைவில் கொள்ளுங்கள். புல்லுக்கு எங்கே போவது?

அடுத்தது மனப்பாடம். உங்கள் சீடர்கள் மந்திரத்தை ஒரு சுவடியில் ஒருமுறை படிக்கிறார்கள், வந்துவிடுகிறது. வேத பாடசாலையில் ஆசான் ஒருமுறை சொல்ல, மாணவர்கள் இருமுறை திருப்பிச் சொல்வார்கள். இப்படி வரிவரியாக, சுரம் தவறாமல். நேர்ப்பாடம் வந்த பிறகு சொற்களைப் பிரித்துச் சொல்லும் பதபாடம். பிறகு கிரமம்: ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-நான்கு என்று இரண்டிரண்டாகக் கோத்துச் சொல்வது. அதன் மேல் சடை: ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு. உச்சியில் கனம்: ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று, மூன்று-இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று. பிறகு இரண்டாம் சொல்லிலிருந்து மறுபடி. சடையில் ஒரு சொல் ஆறு முறை வரும், கனத்தில் பதின்மூன்று முறை. ஒரு சொல் நழுவினாலோ இடம் மாறினாலோ அடுத்த கோப்பு ஒட்டாது, பிழை அந்த இடத்திலேயே அகப்பட்டுக்கொள்ளும். எழுத்தில்லாமல் ஒரு நூலைப் பழுதின்றிக் காக்க மனிதர் கண்ட உபாயங்களில் இதற்கு இணை குறைவு.

இதை அப்படியே உங்கள் உலகத்துக்கு நகர்த்தினால் ஒரு சிக்கல் வரும், அது நல்ல சிக்கல். மந்திரம் நிஜமாகவே வேலை செய்யும் என்றால் பயிற்சி செய்வது எப்படி? முழுதாகச் சொன்னால் கூரை பற்றிக்கொள்ளும். ஆகவே உங்கள் பயிற்சிக்கூடம் மந்திரத்தைத் தலைமுதல் கால்வரை ஒருபோதும் சொல்லவிடாது. "தீயே எழு திரை விலகு" என்பது மந்திரம் என்று வைத்துக்கொள்வோம். சீடர்கள் சடையில் மட்டும் கற்பார்கள்: தீயே எழு, எழு தீயே, தீயே எழு. எழு திரை, திரை எழு, எழு திரை. திரை, விலகு இரண்டும் சேரும் மூன்றாவது கோப்பை வேறு நாளில், வேறு கூடத்தில், வேறு ஆசான் சொல்லிக்கொடுப்பார். நான்கு சொல்லும் நேர்வரிசையில் ஒருவன் வாயில் முதன்முதலாக வருவது கருவறையில்தான். ஆசான்கள் இருவரில் ஒருவர் இறந்துவிட்டால்? குறும்புக்காரப் பையன் ஒருவன் இரவில் இரண்டையும் கோத்துப் பார்த்தால்? எழுதிக்கொள்ளுங்கள்.

பிழை எங்கே நேரும் என்பதும் ஊகிக்கக்கூடியதே. நீண்ட பாடத்தில் ஒரே சொற்றொடர் இரண்டு இடத்தில் வந்தால், ஓதுபவர் முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குத் தாவிவிடுவார், நடுவிலுள்ள நூறு வரி தொலைந்தது தெரியாமலேயே. அனுபவமுள்ள ஆசான் பரீட்சையை அந்த இரட்டை இடங்களில்தான் வைப்பார். கூட்டாக ஓதும்போது தெரியாதவன் பக்கத்திலிருப்பவனின் வாயைப் பார்த்து அரை நொடி பிந்திச் சொல்லியே ஆண்டுகளை ஓட்டிவிடலாம், ஆகவே தனித்தனியாகச் சொல்லவைக்க வேண்டும். சுரப்பிழை இன்னும் நுட்பமானது. துவஷ்டா இந்திரனைக் கொல்லும் மகன் வேண்டி வேள்வி செய்து "இந்திரசத்ரு" என்று சொல்லும்போது சுரத்தை இடம் மாற்றிவிட்டான் என்பது வைதிக மரபின் பழங்கதை. இந்திரனைக் கொல்பவன் என்று பொருள்பட வேண்டியது இந்திரனால் கொல்லப்படுபவன் என்று ஆனது, விருத்திரன் அப்படியே பிறந்து அப்படியே மாண்டான். உங்கள் மந்திரங்கள் தவறினால் "ஒன்றும் நடக்கவில்லை" என்றே எழுதுகிறீர்கள். தவறிய மந்திரம் வேறெதையோ நிறைவேற்றுவதல்லவா பயங்கரம்?

தவறினால் என்ன தண்டனை என்பதைவிடத் தவற்றை மறைத்தால் என்ன தண்டனை என்பது முக்கியம். பெனடிக்டின் விதியில், சங்கீதம் எனப்படும் வேதத் துதிப்பாடலையோ வாசகத்தையோ தவறாகச் சொன்னவர் அங்கேயே எல்லார் முன்னிலையிலும் தலைகுனிந்து ஒப்புக்கொள்ள வேண்டும், செய்யாவிட்டால் தண்டனை பெரிதாகும். சமையற்கட்டிலோ கிடங்கிலோ எதையாவது உடைத்தவரும் தானே போய்ச் சொல்ல வேண்டும், வேறொருவர் மூலம் தெரிந்தால் கடுமை கூடும். விளைவு நிஜமாக இருக்கும் இடத்தில் ஒளிக்கப்பட்ட பிழைதான் ஆளைக் கொல்லும். உங்கள் கொடூரமான ஆசான்கள், சிறு தவறுக்கும் பிரம்பெடுப்பவர்கள், நிஜத்தில் மோசமான நிர்வாகிகள். அவர்களிடம் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள்.

இரவு நேரத்தை அளப்பவர் யார்? துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு அது மூழ்கும் நேரத்தை ஒரு நாழிகை என்று கொள்வது பழைய வழி. 24 நிமிடம், ஒரு நாளைக்கு 60 முறை. துளையில் தூசி அடைத்தால் நாழிகை நீளும். நீர் மிகக் குளிர்ந்தால் சிறு துளைவழி மெல்லத்தான் ஏறும். கண்ணயர்ந்துவிட்டால் எத்தனை முறை மூழ்கியது என்ற எண்ணிக்கையே போய்விடும், ஆகவே ஒவ்வொரு மூழ்கலுக்கும் சேகண்டியடித்து அடுத்த அறைக்காரர் ஒரு கூழாங்கல்லை எடுத்து வைக்க வேண்டும். நள்ளிரவு வழிபாடு தவறினால் வாசல் திறந்துவிடும் என்று எழுதும் நீங்கள் நள்ளிரவு எது என்று அறியும் கருவியை எங்கும் காட்டவில்லை.

காவலும் தூக்கமும் பற்றி யூதர்களின் எருசலேம் கோவில் மரபில் ஒரு செய்தி உண்டு. இரவில் மேற்பார்வையாளர் தீவட்டிகளோடு சுற்றி வருவார். காவலர் எழுந்து வாழ்த்துச் சொல்லாவிட்டால் தூங்குகிறார் என்று பொருள். கோலால் அடிப்பார், உடையைக் கொளுத்தவும் அவருக்கு உரிமை உண்டு. அதே கோவிலில் பலிபீடத்துச் சாம்பலை அள்ளும் பேறு, சாய்தளத்தில் ஓடி முதலில் மேலேறுபவருக்குத்தான் என்றிருந்தது. ஒருநாள் இருவர் சமமாக ஓடும்போது ஒருவர் தள்ள, மற்றவருக்குக் கால் முறிந்தது. அன்றோடு ஓட்டம் நின்று சீட்டுக் குலுக்கல் வந்தது. பக்தியும் போட்டியும் பதின்வயதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். உங்கள் கோவிலிலும் ஒரு விதியைச் சொல்லும்போது அது எந்த விபத்துக்குப் பின் வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும், கதையில் சொல்லாவிட்டாலும். பெனடிக்டின் விதியில் துறவிகள் கத்தியை இடுப்பில் செருகியபடி தூங்கக்கூடாது என்று இருக்கிறது. இளையவர் படுக்கைகள் அடுத்தடுத்து இராமல் மூத்தவர்களுக்கு நடுவே இருக்க வேண்டும். விடியும்வரை அங்கே ஒரு விளக்கு எரியும். ஆக, அந்த விளக்குக்கும் எண்ணெய்.

முறை மாற்றம் பற்றி ஒரு வார்த்தை. பழைய எகிப்தில் கோவில் பணியாளர்கள் குழுக்களாகப் பிரிந்து முறைவைத்து வந்தார்கள், மத்திய இராச்சியம் எனப்படும் காலத்தில் நான்கு குழு, குழுவுக்கு ஒரு மாதம். மாறும்போது பொருள்களைச் சரிபார்த்து ஒப்படைப்பார்கள். எகிப்தின் அபுசிரில் கிடைத்த பாப்பிரசு ஏடுகளில் பாத்திரங்களின் பட்டியலும் எது விரிசல், எது ஒட்டுப்போட்டது என்ற குறிப்பும் நாலாயிரம் ஆண்டு தாண்டி இன்னும் படிக்கக் கிடைக்கின்றன. ஒரு கோவிலின் புனிதக் கிண்ணம் மாற்றப்பட்டதை யார் முதலில் கண்டுபிடிப்பார்? தலைமைக் குரு அல்ல. மாதாமாதம் விரிசலை விரலால் தடவி எண்ணும் பையன்.

பண்டகசாலையில் அளவு வேண்டும். எருசலேமின் தூபக் கலவையில் பதினொரு பொருள். ஆண்டுக்கு 368 பங்கு: நாளுக்கொன்றாக 365, மிச்சம் மூன்று, யூதர்களின் நோன்பு நாளான பாவநிவாரண நாளுக்கு. ஒரு பொருளை விட்டாலும் குற்றம், தேன் சேர்த்தாலும் கெட்டது. இதைச் செய்யத் தெரிந்த அப்தினாஸ் குடும்பத்தார் பிறருக்குச் சொல்லித்தர மறுத்தார்கள். அவர்களை விலக்கிவிட்டு அலெக்சாந்திரியாவிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். வந்தவர்களுக்குக் கலவை வந்தது, ஆனால் புகை கோல்போல நேராக எழவில்லை. கடைசியில் பழைய குடும்பத்தையே இரட்டிப்புக் கூலிக்கு அழைக்க வேண்டியதாயிற்று. இரகசியம் என்றால் உங்களுக்கு உடனே கறுப்பு அங்கியும் சதியும் நினைவுக்கு வருகின்றன. பெரும்பாலும் அது கூலிப் பேச்சு.

பூட்டி வைத்தாலும் காப்பாற்றிவிட முடியாது. தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறைக்குள் கரையானுக்குப் போக, எஞ்சியதே கிடைத்தது என்றும், பண் முறை மறைந்துபோனதால் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு அதை மீட்டார்கள் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. சொல் ஏட்டில் இருக்கலாம், பாடும் விதம் ஆளிடம்தான் இருக்கும். உங்கள் பாழடைந்த நூலகத்தில் கதாநாயகி சுவடியைக் கண்டெடுத்து அங்கேயே மந்திரத்தைச் சொல்லி வெல்கிறாள். எந்தப் பண்ணில் சொன்னாள்?

சோற்றுக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டில் இளமாணவர் 270 பேர், மேல்நிலை மாணவர் 70 பேர். இளையவர்க்கு நாளுக்கு 6 நாழி நெல், மேல்நிலையர்க்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. 340 பேருக்கே இப்படி நிலம் ஒதுக்கிக் கல்லில் வெட்ட வேண்டியிருந்தது. உங்கள் பாலைவனக் கோவிலில் நாலாயிரம் சீடர்கள்.

கடைசியாக, எல்லாரும் தேறிவிடுவதில்லை, எல்லாரும் சாகும்வரை இருப்பதுமில்லை. முப்பது ஆண்டு முடிந்த வெஸ்டா கன்னி விரும்பினால் வெளியே போய் மணம் செய்துகொள்ளலாம். எபிரேயர்களின் வழிபாட்டுப் பணிக்குலமான லேவியர் ஐம்பது வயதில் பாரவேலையை விட வேண்டும், அதன் பிறகு உடனிருந்து காவலுக்கு உதவலாம். கை நடுங்கத் தொடங்கியவரிடம் அபாயமான பாத்திரத்தைக் கொடுக்காத ஏற்பாடு அது. உங்கள் தலைமைக் குருக்களுக்கு எண்பது, தொண்ணூறு வயது. உலகத்தைக் காக்கும் அந்த ஒரே விளக்கை அவர்தான் நடுங்கும் கையால் தூண்டுகிறார், பக்கத்தில் பதினாறு வயதுச் சீடன் சும்மா நிற்கிறான். இடுக்கியை அவனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் அவனுக்குத் திரி மாற்றக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களை இனியும் வாங்கிப் படிக்கப்போகிற வாசகர்கள் சிலர்